பாகவதர் காணாத தீபாவளிகள்

1944-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி. தீபாவளித் திருநாள். உலக யுத்தம் இன்னும் ஓயவில்லை. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். சினிமா பிலிமுக்குக்கூட அளவு வைத்திருந்தார்கள். 11,000 அடிக்கு மேல் படம் நீளக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. அந்தத் தீபாவளியன்று சென்னை பிராட்வே கொட்டகையில் ஒரு படம் வெளியாயிற்று. அதன் பெயர் 'ஹரிதாஸ்'.

அந்தத் தீபாவளிக்கு வந்த படம் அடுத்த தீபாவளிக்கும் ஓடியது. அதற்கும் அடுத்த தீபாவளிக்கும் அதே கொட்டகையில், அதே திரையில் ஓடிக்கொண்டிருந்தது! மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றைக்கும் சினிமாப் பிரியர்கள் பெருமையோடு சொல்லுவார்கள்.

படத்தின் கதாநாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். முதல் தீபாவளியன்று தமிழ்நாட்டில் அவரைவிடப் பிரபலமான நடிகர் யாரும் இல்லை. இரண்டாவது தீபாவளியன்று அவர் சிறையில் இருந்தார். மூன்றாவது தீபாவளியன்றும் சிறையில்தான் இருந்தார். வெளியே ஜனங்கள் டிக்கட் வாங்கிக்கொண்டு அவர் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். பாடியவரோ கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். உலகத்தில் எந்த நடிகருக்காவது இப்படி ஒரு வெற்றி விழா நடந்திருக்குமா?

தட்டார் வீட்டுப் பிள்ளை

பாகவதர் பிறந்தது மாயவரத்தில், 1910-ம் வருஷம் மார்ச் 1-ந் தேதி. தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரி. தங்க வேலை செய்யும் விசுவகர்மக் குடும்பம். பிறகு குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பாகவதருக்கும் கடைசி வரையில் திருச்சிதான் சொந்த ஊர்.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. எங்கே பாட்டுக் கேட்டாலும் அங்கே போய் நின்றுவிடுவான். பஜனை மடமா, நாடகக் கொட்டகையா, தெருக்கோடியில் பிச்சைக்காரன் பாடுகிறானா, எதுவானாலும் சரி. தகப்பனார் கண்டித்தார். பையன் ஒருநாள் வீட்டைவிட்டே ஓடிப்போனான். தேடித் தேடிக் கடைசியில் கடப்பையில் கண்டுபிடித்தார்களாம். அங்கே ஒரு கூட்டம் சூழ்ந்திருக்க, நடுவில் நின்று பையன் பாடிக்கொண்டிருந்தானாம். பாஷை தெரியாத ஊரிலும் அந்தக் குரலுக்கு ஆள் சேர்ந்துவிட்டது! திட்ட வந்த தகப்பனார் பேசாமல் கூட்டி வந்து, பாடட்டும் என்று விட்டுவிட்டார் என்பார்கள்.

அந்தக் காலத்தில் திருச்சியில் எப்.ஜி. நடேசய்யர் என்று ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் அதிகாரி. ஆனால் மூச்செல்லாம் நாடகம். ரசிக ரஞ்சனி சபாவை நடத்தி வந்தவர். 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேஷத்துக்கு நன்றாகப் பாடக்கூடிய பையன் வேண்டியிருந்தது. தியாகராஜன் கிடைத்தான். வயது சுமார் பத்து. பாம்பு தீண்டி இறந்துபோகும் பிள்ளையாக மேடை ஏறியவனைப் பார்த்துத் திருச்சி தாய்மார்கள் விம்மினார்கள். பிற்காலத்தில் தமிழ்நாட்டையே அழ வைத்த குரலுக்கு அதுதான் முதல் ஒத்திகை.

குரல் இருந்தால் மட்டும் போதுமா? சங்கீதம் கற்க வேண்டாமா? மதுரை பொன்னு அய்யங்கார் பிரபலமான பிடில் வித்துவான். அவரிடம் வருஷக்கணக்கில் பாடம் நடந்தது. ஆலத்தூர் வெங்கடேசய்யரிடமும் பயிற்சி. நடராஜ வாத்தியார் நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். முதல் கச்சேரி அரங்கேறியபோது கஞ்சிராவுக்கு உட்கார்ந்தவர் சாமானியர் அல்ல, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. கச்சேரி முடிந்ததும் இந்தப் பிள்ளை இனிமேல் பாகவதர் என்று அவர்தான் பட்டம் சூட்டினார் என்று சொல்வதுண்டு. தட்டார் வீட்டுத் தியாகராஜன் அன்றிலிருந்து தியாகராஜ பாகவதர்.

கூரை முட்டும் குரல்

இன்றைய வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த நாடக மேடையில் மைக் கிடையாது. முன்வரிசையில் உட்கார்ந்த மிராசுதாருக்கும் கேட்கவேண்டும். கடைசியில் தரை டிக்கட்டில் உட்கார்ந்த வண்டிக்காரருக்கும் கேட்கவேண்டும். அதனால் நடிகர்கள் மேல் சுருதியில் பாடினார்கள். உச்சத்தில் நின்று கத்தலாகாமல் இனிமையாகப் பாடுகிறவர்தான் ராஜபார்ட். அந்த வித்தையில் ஈடு இணையற்றவராக இருந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் 1933-ம் வருஷக் கடைசியில், முப்பது வயதுகூட ஆகாமல், காலமானார். பேசும் படம் ஒன்றில்கூட அவர் தோன்றவில்லை. அவருடைய ரசிகர்கள் ஊருக்கு ஊர் அனாதைகளைப்போல நின்றார்கள்.

அந்த வெறுமையை நிரப்ப அடுத்த வருஷமே ஒரு குரல் வந்தது.

பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் 'பவளக்கொடி' நாடகத்தில் ஜோடியாக நடித்துச் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பாகவதர் அருச்சுனன், சுப்புலட்சுமி பவளக்கொடி. அதே நாடகத்தை டாக்கியாக எடுக்க முன்வந்தார்கள். டைரக்டர் கே. சுப்பிரமணியம். 1934-ல் படம் வெளிவந்தது. பாட்டுகள் மட்டும் ஏறக்குறைய ஐம்பது! வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கவேண்டும்.

அந்தப் படம் பிடித்த கதையே ஒரு வேடிக்கை. அடையாறில் திறந்த வெளியில் செட் போட்டார்கள். விளக்கு வெளிச்சம் போதாது, சூரியன்தான் விளக்கு. மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். பிறகு பாடிச் சேர்க்கும் வழியும் அப்போது இல்லை. நடிகர் நடித்துக்கொண்டே பாடவேண்டும். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் காமிராவின் கண்ணில் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து வாசிக்கவேண்டும். பாகவதர் ராகத்தை இழுக்கிற நேரம் பார்த்து மரத்தில் காக்கை கரையும். பாட்டு பாழ்! மறுபடியும் ஆரம்பத்திலிருந்து பாடவேண்டும். காக்கையை விரட்டத் துப்பாக்கியும் கையுமாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்களாம்.

இத்தனைக்கும் நடுவில் அந்தக் குரல் படத்தில் பதிந்தது. தமிழ்நாடு மயங்கியது.

மோகம் பிடித்த நாடு

1936-ல் 'நவீன சாரங்கதரா', 'சத்தியசீலன்' என்று இரண்டு படங்கள் வந்தன. அவற்றைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. 1937-ம் வருஷந்தான் பாகவதர் வருஷம். ஒய்.வி. ராவ் டைரக்ஷனில் 'சிந்தாமணி'. தாசி வீட்டு மோகத்தில் மூழ்கிப் பிறகு பக்தனாக மாறும் பில்வமங்கனின் கதை. ஒரே கொட்டகையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப்படம் அது. படத்தின் லாபத்தில் மதுரையில் ஒரு கொட்டகையே எழுந்தது. அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள்.

அதே வருஷம் 'அம்பிகாபதி'. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. வசனம் எழுதியவர் இளங்கோவன். டங்கன் அவரிடம் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டைக் காட்டி, காதல் காட்சி இந்தத் தினுசில் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கம்பர் மகன் அம்பிகாபதி நூறு பாட்டுப் பாடவேண்டும், சிற்றின்பம் கலக்கக்கூடாது. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டுத் தொண்ணூற்றொன்பதிலேயே நூறு ஆயிற்று என்று நினைத்து, காதலியைப் பார்த்துப் பாடிவிடுகிறான். தலை போகிறது. பாகவதர் கொலைக்களத்துக்கு நடந்தபோது கொட்டகையில் எத்தனை முந்தானைகள் நனைந்தனவோ!

அப்புறம் நாடு முழுவதும் பாகவதர் மயம். பிடரி வரையில் புரளும் அவர் தலைமயிரைப் பார்த்து வாலிபர்கள் தாங்களும் வளர்த்தார்கள். முடிதிருத்தும் நிலையங்களில் பாகவதர் கிராப் என்றே ஒரு தினுசு உண்டாயிற்று. பட்டு ஜிப்பா, ஜரிகை அங்கவஸ்திரம், காதில் வைரக் கடுக்கன், விரலில் வைர மோதிரம், நெற்றியில் பொட்டு, உடம்பெல்லாம் ஜவ்வாது வாசனை. பொன் போன்ற மேனி என்று புத்தகத்தில் படித்தவர்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். தங்கத் தட்டில்தான் சாப்பிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. அது மெய்யோ பொய்யோ, ஜனங்களுக்கு அப்படி நம்புவதில் ஒரு திருப்தி. பொன்னைத் தட்டி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவரைப் பொன்னாலேயே செய்தது போலப் பார்த்தார்கள்.

கொட்டகை வாசலில் அணாக் காசுக்குப் பாட்டுப் புத்தகம் விற்கும். படம் பார்க்கப் பணம் இல்லாதவன்கூடப் பாட்டுப் புத்தகம் வாங்குவான். காப்பி ஹோட்டலில் கிராமபோன் சுழலும். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு நாலு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான். பாகவதர் ரயிலில் போகிறார் என்று தெரிந்து வழியில் வண்டியை நிறுத்திப் பாடச் சொன்னதாக ஊருக்கு ஊர் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். எல்லாம் நடந்திருக்க முடியாது. ஆனால் எல்லாரும் சொல்கிறார்கள் என்பதே ஒரு சாட்சியந்தானே!

ரசிகர்கள் என்றால் சண்டை இல்லாமலா? புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா 1940-ல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேஷம் போட்டு எழுந்தார். கத்திச் சண்டையும் தெரியும், பாட்டும் வரும். உடனே நாடு இரண்டு கட்சி ஆயிற்று. டீக்கடைக்கு டீக்கடை வாதப் பிரதிவாதம். பின்னாளில் வந்த ரசிகர் கட்சிகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது அந்தத் தலைமுறைதான்.

பாகவதர் பாட்டின் வெற்றியைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரை மறந்தால் பாவம். பாபநாசம் சிவன். அவர்தான் பாட்டு எழுதுவார். கர்நாடக ராகந்தான். ஆனால் வித்துவான் மட்டும் ரசிக்கிற சங்கீதமல்ல. சொல் எளிமை, மெட்டு சுத்தம். வயல் வேலைக்குப் போகிறவன் வாயிலும் நிற்கும். ராகத்தின் பெயர் தெரியாத லட்சம் பேர் தங்களை அறியாமல் சிந்துபைரவியும் சாருகேசியும் முணுமுணுத்தார்கள் என்றால், அது சிவன் எழுதிப் பாகவதர் பாடியதால்தான். 'சிவகவி'யிலும் 'ஹரிதாஸி'லும் அவர்களோடு ஜி. ராமநாதனும் சேர்ந்தார். அதற்குமேல் கேட்பானேன்!

1939-ல் 'திருநீலகண்டர்'. 1941-ல் 'அசோக்குமார்'. இதில் பாகவதர் அசோகச் சக்கரவர்த்தியின் மகன் குணாளன். சிற்றன்னையின் சூழ்ச்சியால் கண்களை இழக்கும் இளவரசன். பிற்காலத்தில் நாடாண்ட எம்.ஜி. ராமச்சந்திரன் இந்தப் படத்தில் ஒரு சிறிய வேஷத்தில் வருகிறார். 1943-ல் 'சிவகவி'. சிவனைத் தவிர வேறு தெய்வத்தைப் பாடமாட்டேன் என்ற பொய்யாமொழிப் புலவர் கதை. அந்தப் படத்தை முடித்துக் கொடுத்தவர் கோவை ஸ்ரீராமுலு நாயுடு. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அப்புறம் 'ஹரிதாஸ்'. குதிரைமேல் ஏறி உல்லாசமாகப் பாடிக்கொண்டு வருகிறான் பணக்கார வாலிபன். பெற்றோரைத் துரத்துகிறான். டி.ஆர். ராஜகுமாரி என்ற தாசி ரம்பாவின் கண்ணசைவில் சொத்தெல்லாம் போகிறது. கடைசியில் கால்களையும் இழந்து, தாய் தந்தையரின் அருமையை உணர்ந்து, பக்தனாகிறான். உயர்ந்தவன் விழுவதையும், விழுந்தவன் கலங்குவதையும் பாகவதர் பாட்டாலேயே காட்டினார். பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுக்கவில்லை. ஒருவரே பத்துத் தடவை, இருபது தடவை பார்த்தார்கள்.

நவம்பர் 8

படம் வெளியாகி மூன்று வாரம் ஆயிற்று. சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். முன்பே போர்ஜரி வழக்கில் தண்டனை அனுபவித்தவர். 'சினிமா தூது' என்று பத்திரிகை நடத்தினார். நடிக நடிகையரின் அந்தரங்கத்தை எழுதுவது, எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவது, இதுதான் வியாபாரம். பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும், ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னருக்கு மனுக் கொடுத்தார்கள். பத்திரிகைக்கு அனுமதி போயிற்று. ஆசாமி ஓயவில்லை. 'இந்து நேசன்' என்று வேறு பத்திரிகையை எடுத்துக்கொண்டு முன்னிலும் மும்முரமாக எழுதினார்.

1944 நவம்பர் 8-ந் தேதி வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் மறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். டிசம்பரில் போலீசார் பாகவதரையும் கிருஷ்ணனையும் கைது செய்தார்கள். நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டார். சதி செய்ததாகக் குற்றச்சாட்டு.

தமிழ்நாடு திகைத்தது. நேற்றுவரை திரையில் பக்தனாகப் பாடியவர் இன்று கொலை வழக்கில் கைதியா! ஐகோர்ட்டில் ஜூரிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1945 மே 3-ந் தேதி தீர்ப்பு. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அந்நாளைய பாஷையில் தீவாந்திர சிட்சை. அப்பீல் செய்தார்கள், தள்ளுபடியாயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். வழக்கை மறுபடியும் விசாரிக்கும்படி அங்கிருந்து உத்தரவு வந்தது. வி.எல். எத்திராஜ் போன்ற பெரிய வக்கீல்கள் வாதாடினார்கள். 1947 ஏப்ரல் மாதம் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார், கொல்லச் சொன்னது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை முடிவு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு மேல் சிறைவாசம். அந்த இரண்டு வருஷமும் பிராட்வேயில் 'ஹரிதாஸ்'!

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் நல்ல படம்தான். ஆனால் படம் நல்லது என்பதற்காக மட்டும் மூன்று தீபாவளி ஓடியிருக்காது. புதிய பாகவதர் படம் வராது என்று ஆகிவிட்டது. ஒப்பந்தம் செய்த படாதிபதிகள் வேறு ஆள் தேடப் போய்விட்டார்கள். இருப்பது இந்த ஒரு படம். ஜனங்கள் சினிமாவுக்குப் போனார்கள் என்பதைவிட, பாகவதரைப் பார்த்துவிட்டு வரப் போனார்கள் என்பதே சரி. சிறை வாசலில் பார்க்க எல்லாருக்கும் அனுமதி கிடைக்குமா? பிராட்வே வாசலில் டிக்கட் கிடைத்தது. மனு எழுதத் தெரியாத, கோர்ட்டுப் பாஷை புரியாத ரசிகன் தனக்குத் தெரிந்த வழியில் தீர்ப்புச் சொன்னான். காசு கொடுத்துச் சொன்னான்.

அந்தத் தீர்ப்பு சிறைக்குள் இருந்தவரை எட்டியதா, எட்டியபோது அவர் மகிழ்ந்தாரா, வெந்தாரா என்பதை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது. கால் இழந்து கலங்கும் ஹரிதாஸனைப் பார்த்து வெளியே விம்மியவர்கள், உள்ளே இருந்தவருக்காகவும் சேர்த்துத்தான் விம்மினார்கள்.

வெளியே வந்தவர்

விடுதலையானபோது பாகவதருக்கு வயது முப்பத்தேழு. இன்னும் எத்தனை படம் நடிக்கலாம்! கலைவாணர் கிருஷ்ணன் வெளியே வந்தார், மறுபடியும் சிரிக்க வைத்தார். 'நல்லதம்பி' எடுத்தார், 'மணமகள்' எடுத்தார், 'பணம்' எடுத்தார். போன இடத்திலிருந்தே தொடங்கினார். பாகவதரால் அது முடியவில்லை.

சொந்தமாக 'ராஜமுக்தி' எடுத்தார். சென்னையில் அல்ல, புனாவில். வசனம் எழுத எழுத்தாளர் புதுமைப்பித்தனை அழைத்துக்கொண்டார். புனாவில் புதுமைப்பித்தனைக் காசநோய் பிடித்துக்கொண்டது. 1948 ஜூன் 30-ந் தேதி அவர் திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார். அதே வருஷம் வந்த படமும் எழுந்திருக்கவில்லை. எம்.ஜி. ராமச்சந்திரன், வி.என். ஜானகி, பானுமதி எல்லாரும் அந்தப் படத்தில் இருந்தார்கள். எம்.எல். வசந்தகுமாரி பின்னணி பாடத் தொடங்கியதும் அதில்தான். நாளைக்குப் பெரியவர்களாகப் போகிறவர்கள் அத்தனை பேர் இருந்தும் என்ன? யாருக்காகப் படம் எடுத்தார்களோ அவருக்குப் பயன்படவில்லை.

1952-ல் 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் வந்தன. அதே 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வெளியாயிற்று! கோர்ட்டுக் காட்சியில் சிவாஜி கணேசன் என்ற புதிய வாலிபர் அடுக்கு வசனம் பேசினார். கொட்டகை அதிர்ந்தது. பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய், பேச்சுக்காகப் படம் பார்க்கும் காலம் வந்துவிட்டது. நடிக்கிறவர் ஒருவர், பின்னால் பாடுகிறவர் ஒருவர் என்று தொழில் மாறிவிட்டது. பாடத் தெரிந்தால்தான் நடிகன் என்ற பழைய சட்டம் செல்லாக்காசு ஆயிற்று. 1951-ல் சின்னப்பாவும் காலமாகிவிட்டார். சண்டை போட்டுக்கொள்ள ரசிகர்களுக்கு எதிர்க்கட்சியும் இல்லை!

1957-ல் 'புது வாழ்வு' என்று பெயர் வைத்து அவரே டைரக்ட் செய்தார். பெயரில் இருந்த புது வாழ்வு படத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு விசித்திரம். படங்கள் விழுந்த அந்தக் காலத்திலும் அவர் கச்சேரி என்றால் கூட்டம் தாங்காது. கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், கண்காட்சியில் பாகவதர் பாடுகிறார் என்றால் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் என்ன கேட்டார்கள்? 'சிவகவி' பாட்டுக் கேட்டார்கள். 'ஹரிதாஸ்' பாட்டுக் கேட்டார்கள். அவரும் சலிக்காமல் பாடினார். கேட்டுவிட்டு உருகி, கும்பிட்டு, வீட்டுக்குப் போனார்கள். அடுத்த நாள் பக்கத்துக் கொட்டகையில் அவர் புதுப்படம் நடந்தால் அதற்குப் போகவில்லை.

இதை நன்றிகெட்டதனம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்த ரசிகனுக்குப் பாகவதர் என்றால் 1944-ம் வருஷத்தோடு நின்றுபோன ஒரு தீபாவளி. புதுப்படத்துக்குப் போனால் வயது கூடிய பாகவதரைப் பார்க்கவேண்டும், சிறையை நினைக்கவேண்டும். கச்சேரியிலோ கண்ணை மூடிக்கொள்ளலாம். பழைய குதிரையும் வரும், பழைய ஜரிகையும் வரும். ஆசை மிகுதியால்தான் ரசிகன் அப்படி நடந்துகொண்டான். ஆனால் அந்த ஆசை உயிரோடிருந்த மனிதருக்கு வயிற்றுப்பாட்டுக்கு ஆகவில்லை என்பதும் உண்மை. சேர்த்தது கரைந்தது. நீரிழிவு பற்றிக்கொண்டது. கண்பார்வை மங்கிற்று. கண்ணிழந்த குணாளனாக அவர் பாடியபோது அழுத நாடு, நிஜமாகவே பார்வை மங்கியவர் மேடைக்குக் கைத்தாங்கலாக ஏறியபோது கை தட்டியது.

அந்த நாட்களிலும் அவர் யாரையும் நொந்து பேசியதாகக் கேள்வியில்லை. கோயில் கோயிலாகப் போனார். சந்நிதியில் நின்று பாடினார். சிறைக்குப் போவதற்கு முன்னும் பக்திப் பாட்டுத்தான் பாடினார். ஆனால் அப்போது அது வேஷம். பிற்காலத்தில் வேஷமும் ஆளும் ஒன்றாகிவிட்டன என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் ஒரு கச்சேரி. அதற்குப் பிறகு உடம்பு மோசமாயிற்று. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நவம்பர் 1-ந் தேதி காலமானார். வயது 49. உடலைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள். லோகிதாசனாக மேடை ஏறிய ஊரிலேயே மண்ணுக்குள் போனார். அரசாங்கம் அவருக்குத் திருச்சியில் மணிமண்டபம் எழுப்பியது வெகுகாலம் கழித்து.

மொத்தம் பதினாலு படங்கள். சிறைக்கு முன்னே ஒன்பது, பின்னே ஐந்து. இன்றைக்கு ஒரு நடிகர் சில வருஷங்களில் அவ்வளவு நடித்துவிடுவார். பழைய இசைத்தட்டுகளைத் துணியில் சுற்றிப் பரண்மேல் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. பேரப் பிள்ளைகள் அவற்றைத் தூசி தட்டிப் புதுக் கருவிகளில் ஏற்றி உலகமெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அந்தக் குரலில் ஒரு சிராய்ப்புச் சத்தம் கேட்கும். இசைத்தட்டுத் தேய்ந்த சத்தம் அது, குரல் தேயவில்லை.

அந்த ஐந்தில் கடைசிப் படத்தின் பெயர் 'சிவகாமி'. எடுத்து முடிக்க நாளாயிற்று. கொட்டகைக்கு வந்தபோது 1960. பாகவதர் திருச்சி மண்ணில் அடங்கிவிட்டிருந்தார். விளக்கணைந்தது, திரையில் அவர் முகம் தெரிந்தது, பாட ஆரம்பித்தார். மறுபடியும் அவர் இல்லாத ஒரு கொட்டகையில் அவருடைய ரசிகர்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.